கடலில் மீன்பிடிக்க மிதி கயாக்: ஃபின்னா, ப்ரொப்பெல்லரா?

புதுக்கரை (சான் டியாகோ)

வணக்கம் மக்களே. டெக்ஸஸிலிருந்து சான் டியாகோவுக்கு மாறி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அங்கே ஏரியில் சாதா துடுப்புக் கயாக்கில் (ஓர் ஆள் உட்காரும் சிறு படகு) மீன் பிடித்த பழக்கம் உண்டு, கடல் எனக்குப் புதிது. லா ஹோயா ஷோர்ஸில் விடிகாலையில் போய் நின்றால் பாதிப் பேர் காலால் மிதித்துக்கொண்டே கடலுக்குள் போகிறார்கள், கையில் தூண்டில், இன்னொரு கையில் காபி. பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

என் எடை 88 கிலோ, வண்டி டொயோட்டா ராவ்4, பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். கையில் 3,000 டாலர் வரை இருக்கிறது, கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. ஹோபி அவுட்பேக், ஓல்ட் டவுன் ஸ்போர்ட்ஸ்மேன் பிடிஎல் 120, விலை குறைவாக பெர்செப்ஷன் பெஸ்கடோர் பைலட் 12, இந்த மூன்றுக்குள் மண்டை சுற்றுகிறது. கடைக்காரர் ஹோபி ப்ரோ ஆங்லர் 14-ஐத் தலையில் கட்டப் பார்க்கிறார். யூடியூபில் எல்லோரும் குளத்தில் ஓட்டிக் காட்டிவிட்டு "கடலுக்கும் சூப்பர்" என்கிறார்கள். நிஜமாகவே உப்புத் தண்ணீரில் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

---

கெல்ப்வாசி (சான் டியாகோ)

வாங்க நண்பா. லா ஹோயா என்றால் முதலில் கெல்ப் என்ற பெரிய கடற்பாசியைப் பற்றிப் பேசியாக வேண்டும், பிராண்டு எல்லாம் அப்புறம்.

இங்கே இருக்கும் ராட்சதக் கெல்ப் நல்ல பருவத்தில் ஒரே நாளில் அரை மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. அடியிலிருந்து எழுந்து வந்து மேல்பரப்பில் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடக்கும். இங்கே எல்லோரும் தேடுகிற யெல்லோடெயில் மீன் அந்தப் பாயின் ஓரத்தில்தான் சுற்றும். அதாவது கெல்ப்பை ஒதுக்கிவிட்டு இங்கே மீன் பிடிக்க முடியாது, ஒருநாளில் பலமுறை அதன் மேலேயே ஏறி இறங்க வேண்டிவரும்.

ஹோபியின் மிதி எந்திரமான மிராஜ் டிரைவில் ப்ரொப்பெல்லர் கிடையாது. அடியில் இரண்டு ஃபின்கள், பெங்குயின் இறக்கை அடிப்பது போலப் பக்கவாட்டில் அடிக்கும். 1997-இல் வந்த சரக்கு, கம்பெனியும் இங்கிருந்து வடக்கே ஓஷன்சைடில்தான். கெல்ப் வந்ததும் ஒரு மிதியை முழுக்க முன்னால் தள்ளி நிறுத்தினால் இரண்டு ஃபின்னும் அடிவயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். வந்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு கடந்துவிடலாம், மிஞ்சினால் நாலு துடுப்பு. சுக்கானை மட்டும் தூக்கிவிட மறக்கக் கூடாது, அதில்தான் தண்டு மாட்டும்.

ப்ரொப்பெல்லர் என்றால் கெல்ப் இலை தண்டோடு சேர்ந்து ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும். டிரைவை மேலே தூக்கி, கத்தியால் அறுத்து, திரும்ப இறக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அலை உங்களைக் குறுக்கே திருப்பிவிடும். இதை வாரம் தவறாமல் அங்கே பார்க்கிறேன். என் ஓட்டு அவுட்பேக்குக்கு.

---

மியாமி_மீனாட்சி (ஃபுளோரிடா)

கெல்ப்வாசி அண்ணா, உங்கள் ஊர்க் கணக்கை எல்லாக் கடலுக்கும் போடாதீர்கள் :) நான் ப்ரொப்பெல்லர் கட்சி.

எங்கள் பக்கம் வளைகுடா நீரோட்டம் கரைக்கு மிக அருகில் ஓடுகிறது. உள்ளே போனால் மூன்று நான்கு நாட் (ஒரு நாட் என்றால் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் வடக்கே இழுக்கும், அது கயாக்கின் பயண வேகத்துக்குச் சமம். அங்கே எனக்கு மிக மிக வேண்டியது பின்னால் போகும் வசதி. ப்ரொப்பெல்லரில் மிதியை எதிர்ப்பக்கம் மிதித்தால் அந்த நொடியே பின்னால் போகும். கயிறு இழுப்பது, நெம்புகோல் திருப்புவது ஒன்றும் கிடையாது. மீன் திடீரென்று படகுக்கு அடியில் ஓடும்போது இரண்டு கையும் தூண்டிலில் இருக்கும், கால்தான் மிச்சம். ஹோபியின் 180 என்ற டிரைவ் மாடலிலும் பின்னால் போகலாம், ஆனால் அதற்குக் கேபிள் கைப்பிடியை இழுத்து ஃபின்னைத் திருப்ப வேண்டும்.

இன்னொன்று, ஓல்ட் டவுனின் பிடிஎல் என்ற ப்ரொப்பெல்லர் டிரைவில் பல்சக்கர விகிதம் 10.3-க்கு 1. உங்கள் கால் ஒரு சுற்றுச் சுற்றினால் அடியில் பத்துக்கு மேல் சுற்று. நிதானமாக மிதித்தாலே போதும், உயிர் இரையைப் பின்னால் விட்டு மெதுவாக இழுத்துக்கொண்டு போக அருமையாக இருக்கும்.

நேர்மையாகச் சொன்னால் எங்களுக்கும் களைத் தொல்லை உண்டு, சர்காசம் பாசி. கோடையில் அது வரிசை வரிசையாக மிதந்து வரும், ப்ரொப்பெல்லரில் மாட்டும். பின்னால் கொஞ்சம் மிதித்தால் பாதி நேரம் தானே அவிழ்ந்துவிடும். கெல்ப் தண்டு அப்படி அவிழாது என்று கேள்வி, அதில் அண்ணாவிடம் வாதாட மாட்டேன்.

---

நெய்தல்_சிட்னி

நான் ஊரிலே யாழ்ப்பாணம், இப்போது சிட்னியின் வடக்குக் கடற்கரைப் பக்கம். கொலரோயில் ஃபிஷர்மன்ஸ் பீச்சிலிருந்து லாங் ரீஃப் சுற்றிப் போகிறனான். உங்கள் யெல்லோடெயிலுக்கு நெருங்கிய சொந்தம்தான் எங்கள் கிங்ஃபிஷ், ஆகவே கதை ஒன்றுதான்.

நீங்கள் எல்லோரும் டிரைவைப் பற்றியே கதைக்கிறீர்கள், அடித்தட்டின் வடிவத்தை ஒருவரும் பார்க்கவில்லை. படகு தண்ணீரில் படும் நீளம்தான் அதன் வேக எல்லையைத் தீர்மானிக்கும். நீளத்தை அடியில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 1.34-ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் வரும். 12 அடிக்கு 4.6, 16 அடிக்கு 5.4. அதற்கு மேலே எவ்வளவு மிதித்தாலும் தன் அலையைத் தானே ஏற முயன்று மூச்சு வாங்குவதுதான் மிச்சம். நடைமுறையிலே அகலமான கயாக் அந்த எல்லைக்குக் கிட்டவும் போகாது. அவுட்பேக் 34 அங்குலம், ஸ்போர்ட்ஸ்மேன் 36, ப்ரோ ஆங்லர் 14 வந்து 38. பழைய ஹோபி ரெவலூஷன் 13 வெறும் இருபத்தெட்டரை அங்குலம். எதிர்காற்றிலே வீட்டுக்குத் திரும்பும்போது அந்த வித்தியாசம் முழங்காலுக்கு வடிவாக விளங்கும்.

அகலம் என்றால் பாதுகாப்பு என்பதும் அரைவாசி உண்மைதான். அகலமான அடித்தட்டு தண்ணீரின் மட்டத்தோடு ஒட்டி நிற்கப் பார்க்கும். குளத்திலே மட்டம் நேராக இருக்கும், எழுந்து நின்று தூண்டில் எறியலாம். கடலிலே பக்க அலை வந்தால் மட்டமே சரிகிறது, படகும் கூடவே சரியும். ஒடுக்கமான படகு முதலில் ஆடுகிற மாதிரித் தெரியும், ஆனால் இடுப்பை அசைத்துச் சமாளிக்கலாம்.

எங்களுக்கு இங்கே கோடையிலே சதர்லி பஸ்டர் என்று ஒரு தென்காற்று வரும். கொதிக்கிற வெயில், ஒரு அரவமும் இல்லை, பிறகு திடீரென்று அடிக்கத் தொடங்கும், வெப்பநிலையும் மளமளவென்று இறங்கும். அதுக்கு முன்னம் கரைக்கு வர வேண்டும் என்றால் வேகம் தேவை. ரெவலூஷன் செகண்ட் ஹாண்டில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கோ.

---

கெல்ப்வாசி

நெய்தல் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் ரெவலூஷனில் ஆசனம் தாழ்வு, சாமான் வைக்கும் இடம் குறைவு. எல்லோருக்கும் அதில் உட்கார்ந்தபடியே பெரிய மீனை மடியில் வாங்கப் பிடிக்காது. கடலில் முதல் படகு என்றால் 34 அங்குலம் நல்ல சமரசம்.

காற்று விஷயத்தில் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. தினமும் பிற்பகலில் மேற்கு, வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும், அது உங்களைக் கரைக்குத்தான் தள்ளும், நனைவீர்கள், அவ்வளவுதான். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் சான்டா ஆனா என்று பாலைவனப் பக்கமிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்றுதான் ஆபத்து. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும், நிலம் மறைக்கிறது அல்லவா. ஒரு மைல் வெளியே போனதும்தான் பிடித்து இழுக்கும், திரும்பி வர மிதித்தால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். வானிலை அறிக்கையில் அந்தப் பெயர் வந்தால் அன்று வீட்டில் இட்லி சாப்பிடுங்கள்.

---

புதுக்கரை

எல்லோருக்கும் நன்றி, இன்னும் அதிகம் குழம்பிவிட்டேன் :) ப்ரோ ஆங்லர் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே? கடைக்காரர் "இதில் எழுந்து நின்று நடனமே ஆடலாம்" என்றார்.

---

ஒத்தையாள் (ஆரஞ்சு கவுன்டி)

ஆடலாம். ஆனால் அதைக் கார் மேல் ஏற்றுவது யார்?

ப்ரோ ஆங்லர் 14 முழுக்கப் பூட்டினால் 60 கிலோவைத் தாண்டும். பெட்டி, பேட்டரி, மீன் காட்டி, ஐஸ் எல்லாம் சேர்த்தால் மணலில் அதை ஒரு ஆள் நகர்த்துவது பெரும்பாடு. அது டிரெய்லர் படகு, ராவ்4 கூரைக்குப் படைத்ததல்ல. அவுட்பேக் வெறும் கூடு 39 கிலோ பக்கம், எல்லாம் மாட்டினால் 46, 47. அதையே தனியாக ஏற்றுவது முதுகுக்குச் சோதனைதான், ஆனால் பின் கண்ணாடி மேல் ஒரு ரோலர் வைத்து, மூக்கை முதலில் அதில் சாய்த்து, வாலைத் தூக்கித் தள்ளினால் பாதி எடையைத்தான் ஒரு நேரத்தில் தூக்குகிறீர்கள். ஆசனத்தையும் டிரைவையும் முன்னாலேயே கழற்றிவிட வேண்டும், நிறையப் பேர் சோம்பேறித்தனத்தால் அப்படியே தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். கார் கையேட்டில் கூரை எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருக்கும், ரேக்கின் எடையும் அதில் சேர்த்தி என்பதை மறக்காதீர்கள்.

எடை முக்கியம் என்றால் ஹோபி கம்பஸ் என்று ஒன்று இருக்கிறது. 12 அடி, கூடு 31 கிலோதான், 180 கிலோ வரை தாங்கும். அவுட்பேக்கின் ஆடம்பரம் இல்லை, ஆனால் தனி ஆளுக்கு உத்தமம்.

கயாக்கை ஏற்றி இழுக்கும் சக்கர வண்டிக்கும் காசு ஒதுக்குங்கள். லா ஹோயா மணலில் சின்ன டயர் புதைந்துவிடும், பலூன் மாதிரி அகலமான டயர்தான் உருளும். கயாக்கின் வடிகால் துளைக்குள் குத்தி நிறுத்தும் வண்டியா, அடியில் பட்டையால் கட்டும் வண்டியா என்றால் நான் பட்டை என்பேன். துளையில் முழுச் சுமையையும் தாங்க வைத்து மேடு பள்ளத்தில் இழுத்தால் அந்த இடத்தில்தான் முதலில் விரிசல் விழும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும்.

---

சும்மாபார்வை

எதற்கு இவ்வளவு மிதி? ஒரு சின்ன எலக்ட்ரிக் மோட்டாரை மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே.

---

ஒத்தையாள்

போகலாம். கலிஃபோர்னியாவில் கையாலோ காலாலோ ஓட்டும் கயாக்குக்குப் பதிவு வேண்டாம், மோட்டார் மாட்டிய நொடியிலிருந்து டிஎம்வி (வாகனப் பதிவுத் துறை) பதிவு, எண், ஸ்டிக்கர் எல்லாம் வேண்டும். பேட்டரி எடை தனி. மிதிப்பதில் இன்னொரு லாபம், ஜனவரித் தண்ணீர் 14 டிகிரியில் இருக்கும்போது கால் ஓடிக்கொண்டிருந்தால் உடம்பு சூடாக இருக்கும்.

---

குமரிக்கரை

நான் கயாக் ஓட்டுகிறவன் இல்லை, கன்னியாகுமரி மாவட்டத்து மீன்பிடிக் குடும்பம். அப்பா கட்டுமரத்தில் போனவர். இந்த இழையைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. எல்லோரும் வெளியே போன பிறகு என்ன ஆகும் என்றே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் ஆட்களுக்கு அடிபட்டது எல்லாம் கரையடியில்தான், நடுக்கடலில் அல்ல. கட்டுமரத்தில் தண்ணீர் மரங்களுக்கு இடையில் வழிந்து போய்விடும், நிரம்பி மூழ்காது, கவிழ்ந்தாலும் பிடித்துப் புரட்டிவிடலாம். அப்படியிருந்தும் வெளியே போகும்போதும் ஏறி வரும்போதும் அப்பா நின்று அலையை எண்ணுவார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அது முடிந்தால் கொஞ்ச நேரம் தணியும், அந்த இடைவெளியில்தான் வேலை. ஏறி வரும்போது அலைக்கு முன்னால் வரக் கூடாது, கூட்டத்தில் கடைசி அலையின் முதுகுக்குப் பின்னால் அதனோடே வர வேண்டும்.

உங்கள் மிதி எந்திரம் அடியில் தொங்கிக்கொண்டிருக்குமே, மணல் தட்டினால் என்ன செய்வீர்கள்?

---

கெல்ப்வாசி

அண்ணா, இந்த இழையிலேயே இதுதான் நல்ல கேள்வி.

வெளியே போகும்போது டிரைவ் இல்லாமல் துடுப்போடு முதல் உடைஅலையைத் தாண்டுகிறவர்கள் உண்டு. லா ஹோயா ஷோர்ஸின் தென்முனையில், அவெனிடா டி லா ப்ளாயா தெரு முடிகிற இடத்தில், முனையின் மறைவு இருப்பதால் பல நாள் அலை சின்னது, அதனால்தான் எல்லோரும் அங்கே இறங்குகிறார்கள். வடக்கே கொஞ்சம் தள்ளினால் அதே நாளில் இரட்டிப்பாக இருக்கும்.

திரும்பி வரும்போது என் வழக்கம்: அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று எல்லாத் தூண்டிலையும் படுக்க வைத்துக் கட்டுவேன், கொக்கிகள் உள்ளே. மீன் காட்டியைக் கழற்றிப் பெட்டிக்குள். டிரைவைக் கழற்றிக் கயிற்றோடு கட்டிப் படகுக்குள் வைத்துவிட்டு, சுக்கானைத் தூக்கிவிட்டு, கையில் துடுப்பு. அப்புறம் நீங்கள் சொன்ன அதே கதை, கூட்டம் போகும் வரை காத்திருந்து கடைசி அலையின் முதுகில். கடைசி மீட்டர்களில் கடல் பக்கமாக இறங்கவே கூடாது. அடுத்த அலை 45 கிலோ பிளாஸ்டிக்கை முழங்காலில் கொண்டுவந்து மோதும்.

புது ஹோபிகளில் ஃபின் எதிலாவது தட்டினால் தானே மடங்கிக்கொள்ளும் வகை வந்துவிட்டது. பழைய வகையில் மணலில் தட்டினால் உள்ளே இருக்கும் கம்பி வளையும். ப்ரொப்பெல்லர் டிரைவ் மொத்தமாக மேலே சாய்த்துத் தூக்கும் வகை, நொடியில் தூக்கலாம், ஆனால் தூக்கிய பிறகு அந்தப் பெரிய உருளை உங்கள் முழங்காலுக்கு நடுவே நிற்கும். கவிழ்ந்தால் முகம் அதில்தான் படும். கழற்றிக் கட்டிவிடுவது மேல்.

---

மியாமி_மீனாட்சி

இதில் எனக்கும் ஒத்த கருத்து. இன்னொன்று சேர்க்கிறேன். டிரைவைக் கழற்றினால் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. அதில் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வரும், பயப்பட வேண்டாம், அது படகின் உட்கூட்டுக்குள் போகாது, வந்த வழியே இறங்கிவிடும். அடைப்பான் ஒன்று தருவார்கள், போட்டுக்கொண்டால் வேகமும் கூடும்.

---

டாலர்_தேசம் (லாஸ் ஏஞ்சலிஸ்)

எல்லோரும் நாலாயிரம் டாலர் படகைப் பற்றியே பேசுகிறீர்கள். மிராஜ் டிரைவின் ஆரம்பக் காப்புரிமைக் காலம் ஓடிப்போன பிறகு அதே போன்ற ஃபின் டிரைவ் வைத்த மலிவுப் படகுகள் வந்துவிட்டன. பெஸ்கடோர் பைலட் மாதிரிப் படகுகளும் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. மீனுக்குப் பிராண்டு தெரியுமா?

---

ஒத்தையாள்

மீனுக்குத் தெரியாது, உப்புக்குத் தெரியும்.

மலிவு என்பதால் மட்டும் எதையும் தள்ளவில்லை. பைலட் சாதுவான படகு, துறைமுகத்துக்குள்ளும், சான் டியாகோவின் அமைதியான விரிகுடாவான மிஷன் பேயிலும் அமர்க்களமாக ஓடும். ஆனால் பெயர் தெரியாத டிரைவ் வாங்குமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: உதிரி பாகம் இந்த ஊரில், இந்த வாரம் கிடைக்குமா? கடலில் ஃபின் கிழியும், கேபிள் தளரும், ப்ரொப்பெல்லரைக் காப்பாற்ற வைத்திருக்கும் ‘பின்’ என்ற சின்ன ஆணி பல மாடல்களில் உடைவதற்கென்றே செய்தது. அது உடைவது குறையல்ல, உடைந்தால் இன்னொன்று பையில் இருக்க வேண்டும். ஹோபி சுக்கானிலும் அப்படி ஒரு பிளாஸ்டிக் பின் உண்டு. என் முதல் மிதி கயாக் ஒரு மலிவுக் கம்பெனியுடையது, பெயர் வேண்டாம், டிரைவுக்குள் இருந்த பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. உதிரி கேட்டு மின்னஞ்சல் போட்டால் பதில் வந்தது, பாகம் வரவில்லை. அந்தப் பருவம் முழுக்கத் துடுப்புப் போட்டேன். தோள் நன்றாக ஏறியது, அதுதான் லாபம்.

---

டாலர்_தேசம்

அது உங்கள் அதிர்ஷ்டம். என் நண்பர் மலிவு டிரைவை மூன்று கோடை ஓட்டிவிட்டார், இன்னும் ஓடுகிறது.

---

ஒத்தையாள்

அவர் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவுகிறவராக இருப்பார். கேட்டுப் பாருங்கள்.

---

நெய்தல்_சிட்னி

டிரைவ் சண்டைக்கு இடையிலே முக்கியமான ஒன்று விடுபட்டுப் போச்சு. கயாக் விபத்துக் கதைகளைக் கேட்டால் நிறையவற்றிலே தொடக்கம் ஒன்றுதான்: உட்கூட்டுக்குள் தண்ணீர். முன்பக்க மூடியின் ரப்பர் சரியாக உட்காரவில்லை, அல்லது மீன் காட்டிக்கு வயர் விடப் போட்ட துளையைச் சீல் செய்யவில்லை, அல்லது அடித்தட்டிலே மயிரிழை விரிசல். ஒரு வாளி தண்ணீர் உள்ளே போனாலே அது பக்கத்துக்குப் பக்கம் ஓடும், படகு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே பாரம் சேரும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. "இன்றைக்கு என்ன படகு கொஞ்சம் சோம்பலாக ஆடுது" என்று தோன்றினால் அதுதான் அறிகுறி. நடுவிலே இருக்கிற மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கோ. ஒரு சின்னக் கைப்பம்பு எப்போதும் உள்ளே கிடக்கட்டும்.

மற்றது, கவிழ்ந்தால் திரும்ப ஏறப் பழகாமல் கடலுக்குப் போகவே வேண்டாம். அகலமான படகு கவிழ்வது கஷ்டம், கவிழ்ந்தால் நிமிர்த்துவது அதைவிடக் கஷ்டம். 38 அங்குலப் படகைத் தண்ணீரில் நின்றுகொண்டு தனியாகப் புரட்ட அடித்தட்டுக்கு மேலே ஒரு பட்டையை எறிந்து பிடித்து, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய வேண்டும். ஏறும்போது வயிறு முதல், பிறகு புரண்டு ஆசனம், பிறகு கால். அமைதியான தண்ணீரிலே லைஃப் ஜாக்கெட்டோடு, உடுப்போடு, சாமான் எல்லாம் கட்டின படகோடு செய்து பாருங்கோ. இங்கே நியூ சவுத் வேல்ஸிலே திறந்த கடல் என்றால் கயாக்கில் ஜாக்கெட் போட்டே இருக்க வேண்டும், சட்டம்.

---

கெல்ப்வாசி

கலிஃபோர்னியாவில் பெரியவர்களுக்குப் படகில் ஜாக்கெட் இருந்தாலே சட்டப்படி போதும். ஆசனத்துக்குப் பின்னால் கட்டி வைத்த ஜாக்கெட்டால் என்ன பயன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நீரில் நனையாத விஎச்எஃப் ரேடியோவை ஜாக்கெட்டில் மாட்டுங்கள், படகில் அல்ல, அவசரத்துக்குச் சேனல் 16. விடியுமுன் இறங்குவதானால் வெள்ளை விளக்கு வேண்டும்.

சட்டம் என்றதும் இன்னொன்று. இறங்கும் இடத்தை ஒட்டியே மட்லாஹுவாய்ல் கடல் காப்பகம் இருக்கிறது, 2012 தொடக்கத்திலிருந்து அதற்குள் எதையும் பிடிக்கக் கூடாது. கடந்து போகலாம், தூண்டில் தண்ணீரில் இருக்கக் கூடாது. கானாங்கெளுத்தி இரை பிடிக்கிறேன் என்று கரையிலிருந்தே சபிகியை (பல சின்னக் கொக்கிகள் கட்டிய தூண்டில்) போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அபராதம் விழுகிறது. தெற்கே சவுத் லா ஹோயா காப்பகம் தனி. போனில் எல்லை காட்டும் வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள்.

---

புதுக்கரை

இதெல்லாம் கடையில் ஒருவரும் சொல்லவில்லை. குமரிக்கரை அண்ணனுக்கு ஒரு பெரிய கும்பிடு.

நேற்று ஒரு விளம்பரம் பார்த்தேன். 2019 அவுட்பேக், டிரைவ் 180, சுக்கான் புதுக் கயிறு, சக்கர வண்டியோடு 2,100 டாலர். வெயிலில் கொஞ்சம் நிறம் மங்கியிருக்கிறது. ஓனர் உள்ளூர்க்காரர். என்ன பார்க்க வேண்டும்?

---

ஒத்தையாள்

2019-இல்தான் அவுட்பேக்கைப் புதிதாக வடிவமைத்தார்கள், சுமார் 3.9 மீட்டர் நீளம், 193 கிலோ தாங்கும், உங்கள் எடைக்குத் தாராளம். அந்த விலைக்கு மோசமில்லை.

போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். டிரைவைக் கழற்றிவிட்டு அந்தக் குழியின் நான்கு மூலையிலும் விரிசல் இருக்கிறதா பாருங்கள், அடுத்து வடிகால் துளைகளைச் சுற்றி, உள்பக்கத்திலிருந்தும் டார்ச் அடித்து. பிளாஸ்டிக் வெல்டிங் செய்த தடம் இருந்தால் விலையைப் பேசாமல் கிளம்பிவிடுங்கள். டிரைவைக் கையில் பிடித்து மிதிகளை மெதுவாக ஆட்டுங்கள். கரகரவென்று சத்தம், அல்லது மிதி அசைந்தும் ஃபின் அசையாத தளர்ச்சி இருந்தால் கேபிளும் சங்கிலியும் பார்க்க வேண்டியிருக்கும், அதற்குப் பணம் கழித்துக்கொள்ளலாம். ஃபின் நிற்கும் கம்பி நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். மங்கிய நிறம் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் விரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு வந்தால் அந்தப் படகு பல வருடம் வெட்டவெளியில் கிடந்தது என்று அர்த்தம்.

கடைசியாக, உள்ளே ஒரு வாளி தண்ணீரை ஊற்றி அப்படியும் இப்படியும் சாய்க்கச் சொல்லுங்கள். வெளியே கசிந்தால் தெரிந்துவிடும். நேர்மையான ஓனர் மறுக்க மாட்டார்.

---

மியாமி_மீனாட்சி

அதற்கு முன் ஒரு ப்ரொப்பெல்லர் படகையும் மிதித்துப் பாருங்கள் தம்பி. கடைகள் பல இடங்களில் தண்ணீரில் ஓட்டிப் பார்க்க விடுவார்கள். ஃபின்னில் கால் முன்னும் பின்னும் தள்ளும், ப்ரொப்பெல்லரில் சைக்கிள் போல வட்டம், முழங்கால் உயரமாக எழும். உயரமானவர்களுக்கும் முட்டி வலி உள்ளவர்களுக்கும் இது பெரிய வித்தியாசம். அரைமணி நேரம் மிதிக்காமல் தெரியாது. மற்றவர் முட்டியை நம்பிப் படகு வாங்காதீர்கள்.

---

புதுக்கரை

சரி, முடிவு இதுதான். சனிக்கிழமை மிஷன் பேயில் ஸ்போர்ட்ஸ்மேனை ஓட்டிப் பார்க்கிறேன், மதியம் அந்த அவுட்பேக்கை டார்ச்சோடு போய்ப் பார்க்கிறேன். முட்டி ஒத்துழைத்தால் அவுட்பேக், ஏனென்றால் கெல்ப் விஷயத்தில் மீனாட்சி அக்காவே வாதாடவில்லை. எதை வாங்கினாலும் முதல் மாதம் மிஷன் பேக்குள்தான், கவிழ்ந்து ஏறிப் பழகிய பிறகே லா ஹோயா. வெட்சூட்டுக்கும் ரேடியோவுக்கும் 500 ஒதுக்கியிருக்கிறேன்.

---

கெல்ப்வாசி

நல்ல திட்டம். சனிக்கிழமை என்றால் ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், அப்புறம் பார்க்கிங் கிடைக்காது. நானும் அந்தப் பக்கம்தான் வருகிறேன், பழைய துண்டு இரண்டு எடுத்து வாருங்கள், நாலு தடவை கவிழ்த்துப் பழகலாம்.